சாவிக் கீரைக்குப் போடாதீர்கள்

மைக்கோரைசா என்கிற வேர்ப் பூஞ்சை வாங்கப் போனால், என்ன பயிர் என்று கடைக்காரர் கேட்கிறாரா பாருங்கள். கேட்காவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஈப்போவில் எனக்கு விற்றவர் கேட்கவில்லை. "எல்லாத்துக்கும் போடலாம்ண்ணே" என்றார். பையிலும் கீரைப் படம். செம்மோர் பக்கம் இருக்கும் என் நிலத்தில் வாங்கியதில் பெரும்பகுதி சாவிக்குத்தான் போனது. போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் ஒரே மாதிரி நின்றன.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சாவி, கைலான், முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம். பெரும்பாலான செடிகள் இந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேரும். இந்தக் குடும்பம் சேராது. விற்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? படத்தை நம்பிய நானா குற்றவாளி?

அதே பையில் மிச்சமிருந்ததுதான் மிளகாய்க்குப் போனது. அது பிடித்துக்கொண்டது. பழைய தோட்டத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். வேர் எட்டாத இடத்துக்குப் பூஞ்சை இழை போய் அதைக் கொண்டுவரும். கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். ஈய லம்பத்து மணலில் பயிர் செய்கிறவர்களுக்கும் இது உதவும், ஆனால் சாணமும் மக்கும் போடாமல் எதிர்பார்க்காதீர்கள்.

பால்மரக் காட்டில் மண்டோராக இருந்த என் மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "வேர்ல பூஞ்சையா? மரத்தைச் சாய்ச்சிடும்டா." அவர் பார்த்தது வெள்ளை வேர் நோய். அந்த ரிகிடோபோரஸ் பூஞ்சை வேர்மேல் வெள்ளைக் கயிறாய் ஓடும், கண்ணால் பார்க்கலாம். நம்முடையது வேருக்குள் இருக்கும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கி அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்ததற்கு நான் என்ன செய்ய?

செய்முறை பெரிய வித்தையில்லை. நாற்றுப் பையில் விதைக்கு அடியில் ஒரு சிட்டிகை, வேர் அதைத் தொட வேண்டும். நட்டபின் மேலே தூவினால் காசு மண்ணோடு போகும். பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், வயிறு நிறைந்த செடி பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. வேரில் பூஞ்சைக்கொல்லி ஊற்றவே கூடாது. சாவி எடுத்த பாத்தியில் உடனே மிளகாய் நடாமல், பூஞ்சை மறுபடி பெருக நடுவில் சோளமோ பயற்றங்காயோ ஒரு தடவை போடுங்கள்.

என் மிளகாய்ச் செடிப் படத்தை விளம்பரத்துக்குக் கேட்டு அந்தக் கடைக்காரர் போன வாரம் கூப்பிட்டார். சாவிப் பாத்திப் படத்தையும் பக்கத்தில் போடுவதென்றால் தருகிறேன் என்றேன். பதிலில்லை.