எவ்வளவு கொடுக்கணும் சித்தி?

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய ரீல்ஸை மத்தியான இடைவேளையில் பார்த்தேன். காரில் உட்கார்ந்துகொண்டு ஒரு தம்பி, விவாகரத்து ஆனால் புருஷன் சொத்தில் பாதி பெண்டாட்டிக்குப் போய்விடும் என்று மிரட்டுகிறார். கீழே நீ, "எவ்வளவு கொடுக்கணும் சித்தி, நிஜமாவே பாதியா?" என்று கேட்டிருக்கிறாய்.

பாதி இல்லை. போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவா பக்கம் அவர்களுடைய 1867ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதால் அங்கே கதை வேறு. நம் ஊரில் தாலி கட்டிய ஒரே காரணத்துக்காக ஒருவர் சொத்தில் இன்னொருவருக்குப் பங்கு வந்துவிடாது. குடும்ப நல நீதிமன்றம் பாகம் பிரிப்பதில்லை, ஜீவனாம்சம்தான் நிர்ணயிக்கிறது. அதற்குச் சட்டப் புத்தகத்தில் சதவீதமோ அட்டவணையோ கிடையாது. சட்டக் கல்லூரி முதல் வருடத்தில் இருக்கும் உனக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

எந்தச் சட்டத்தில் கேட்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் விரிவாக வரும். இந்து திருமணச் சட்டம், 1955இல் 24ஆம் பிரிவு வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சத்துக்கு, 25ஆம் பிரிவு முடிந்த பிறகான நிரந்தர ஜீவனாம்சத்துக்கு. இந்த இரண்டிலும் கணவனும் கேட்கலாம். கிறிஸ்தவர்களுக்கும் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. மதம் பார்க்காமல் எந்த மனைவியும் போகக்கூடிய வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 144ஆம் பிரிவு. நம் கோர்ட்டில் இதற்குப் பெயர் எம்.சி. விவாகரத்து மனுவான ஓ.பி. ஒரு பக்கம் ஓட, எம்.சி. இன்னொரு பக்கம் ஓடும்.

அந்த 125ஆம் பிரிவில் 2001 வரை மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்று உச்சவரம்பு இருந்தது. அதற்குள்ளும் எவ்வளவு கீழே போனார்கள் என்பதற்கு ஷா பானு வழக்கைப் பார். கணவர் இந்தூரில் வக்கீல். நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த மனைவிக்கு மாஜிஸ்திரேட் போட்டது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, நாடே இரண்டுபட்டது இந்தத் தொகைக்காகத்தான். அந்த 20 காசு எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சரி, இன்று எப்படிப் போடுகிறார்கள்? யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் பெண்களில் பலர் முதல் நாள் மாமியார் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொல்வார்கள். கணவருக்கு எந்த பேங்கில் கணக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். நடத்தைக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். 25ஆம் பிரிவு இரு தரப்பின் நடத்தையையும் பார்க்கச் சொல்கிறது. 125இல் மனைவி வேறொருவருடன் வாழ்ந்தாலோ, தக்க காரணமில்லாமல் சேர்ந்து வாழ மறுத்தாலோ கிடைக்காது. ஆனால் ஜீவனாம்சம் அபராதமும் இல்லை, பரிசும் இல்லை. நீதிபதி தேடுவது மூன்று விஷயத்தை: அவரிடம் என்ன இருக்கிறது, இவளுக்கு என்ன தேவை, அந்த வீட்டில் இருவரும் எப்படி வாழ்ந்தார்கள்.

முதல் கேள்வியிலேயே பாதி வழக்கு மாட்டிக்கொள்ளும். மனுவில் கணவருக்கு மாதம் 2 லட்சம் வருமானம் என்று இருக்கும். எதிர்மனுவில் அதே மனிதர், அப்பா கடையில் சும்மா ஒத்தாசையாக இருக்கிறேன், கைச்செலவுக்கு 12,000 கிடைக்கிறது என்பார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு கணவர்கள் இருந்தார்களோ என்று தோன்றும். இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துத்தான் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. நாக்பூர் வழக்கு அது. மனைவிக்கு 15,000, பையனுக்கு முதலில் 5,000, பிறகு 10,000 என்ற இடைக்கால உத்தரவு. 2013இல் தொடங்கிய அந்தச் சின்னத் தொகைக்கான சண்டை டெல்லி வரை போய் ஏழு வருடம் நடந்தது.

சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16உம் பேசிவிடும். அங்கேயும் ஒரு வித்தை உண்டு. 80,000 சம்பளத்தில் வீட்டுக் கடன், நகைக் கடன், தானாக முன்வந்து கூட்டிய பி.எஃப். எல்லாம் போக கைக்கு 30,000தான் வருகிறது என்று காட்டுவார்கள். வருமான வரி, சட்டப்படியான பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைக் கழிக்க நீதிபதி ஒப்புக்கொள்வார். தன் பெயரில் சொத்து சேர்க்க வாங்கிய கடனை அப்படியே கழிக்கமாட்டார். வியாபாரிகளிடம் வருமான வரிக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. பிள்ளை படிக்கும் பள்ளி, நிற்கும் கார், கிரெடிட் கார்டு பில் எல்லாவற்றையும் வைத்து ஊகிப்பார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்பதும் பெரிதாக எடுபடாது. உடம்பில் தெம்புள்ள மனிதன் உழைத்துக் கொடுக்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

"25 சதவீதம்னு எங்க சார் சொன்னாரே" என்பாய். 2017இல் மேற்கு வங்கத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்குக் கொடுப்பது நியாயம் என்றது உண்மை. ஆனால் கடைசி வரை படி. அவர் கைக்கு வந்தது மாதம் 95,527 ரூபாய். உயர் நீதிமன்றம் 23,000 போட்டிருந்தது. அவர் மறுமணம் செய்து ஒரு குழந்தையும் இருப்பதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆகக் குறைத்தது. சதவீதம் சொன்ன தீர்ப்பே சதவீதத்தில் நிற்கவில்லை. அது நீதிபதி மனதுக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு கைமுழம், அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்வி, வாழ்ந்த வாழ்க்கையின் தரம், எனக்குப் பிடித்தது. 2024 டிசம்பரில் பத்து நாள் இடைவெளிக்குள் உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்றில் தம்பதி சேர்ந்திருந்தது ஆறு வருடம் போல, பிரிந்திருந்தது இருபது வருடம். கணவர் வெளிநாட்டில் பெரிய வங்கி அதிகாரி, மனைவி வேலையில் இல்லை. அவளுக்கு 5 கோடி, வளர்ந்த மகனுக்கு 1 கோடி. இன்னொன்றில் மனைவி, கணவரின் முன்னாள் மனைவிக்குக் கிடைத்த பல நூறு கோடியைக் காட்டி அதற்குச் சமமாகக் கேட்டாள். கிடைத்தது 12 கோடி. பிரிந்த பிறகு அவர் பணக்காரராகிக்கொண்டே போனால் அவருக்குச் சமமாக இவளையும் ஏற்றிக்கொண்டே போக முடியாது என்றது நீதிமன்றம். வெளியேறிய நாளில் அந்த வீட்டில் இருந்த வாழ்க்கைதான் அளவு. எனக்கு இது சரியாகவே படுகிறது. விலைவாசி வேறு விஷயம்: 2025இல் கொல்கத்தா வழக்கு ஒன்றில் மாதம் 50,000 கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டச் சொன்னார்கள்.

விட்டுப்போன இரண்டாவது கேள்வி, தேவை. வேலைக்குப் போகும் பெண் கேட்கலாமா என்று உன் தோழி கேட்டாளாம். கேட்கலாம். அவள் சம்பளத்தில் அந்த வீட்டு வாழ்க்கையை நடத்த முடியுமா என்பதுதான் பார்க்கப்படும். படித்திருக்கிறாள், வேலைக்குப் போகக்கூடியவள் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது. அதே சமயம், நன்கு படித்துத் தகுதியும் அனுபவமும் உள்ளவர் ஜீவனாம்சத்துக்காகவே சும்மா இருக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு மறுத்தது. இதில் என் பார்வை கொஞ்சம் வேறு. குழந்தைக்காக எட்டு வருடம் வேலையை விட்டவள் திரும்பிப் போனால் பழைய நாற்காலி காத்திருக்காது. குடும்பத்துக்காக விட்ட வேலையும் கணக்கில் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சாட்சியத்தோடு எழுதும் வக்கீல்கள் குறைவு. பழைய வேலை நியமனக் கடிதம் ஒன்று போதும், யாரும் கேட்டு வாங்குவதில்லை.

பரஸ்பர சம்மதத்தில் பிரிபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. தொகையை அவர்களே பேசி எழுதிக்கொண்டு வருவார்கள், பெரும்பாலும் ஒரே தவணை.

உத்தரவு வாங்குவதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மனு போட்ட தேதியிலிருந்து தொகை கணக்காகும் என்று 2020 தீர்ப்பு சொல்வதால் முதல் நாளே பாக்கி சேர்ந்திருக்கும். இடைக்கால மனுவை நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா அதைக் கேட்பதில்லை. கட்டவில்லை என்றால் சம்பளத்தைப் பற்றலாம், வாரண்ட் போடலாம், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் அழியாது. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் நிறைவேற்றல் மனு போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்காது. பாவம், பாதிப் பேர் இங்கேதான் இழக்கிறார்கள்.

செமஸ்டர் முடிந்ததும் ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பை எடுத்துப் படி. கடைசியில் இருக்கும் படிவத்திலிருந்து தொடங்கு. விவசாயம் சாராதவர்களுக்கு ஒன்று, விவசாயக் குடும்பத்துக்கு ஒன்று, மேகாலயாவுக்குத் தனியாக ஒன்று இருக்கும். முதல் படிவத்தை ஒரு பிரதி எடுத்து உன் அம்மாவை அவள் பெயரில் நிரப்பச் சொல். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, மனுஷர் பயந்துபோவார். எந்தெந்தக் கட்டத்தை அக்கா யாரையும் கேட்காமல் நிரப்பினாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி