மூச்சும் மனமும் மனையறமும்

ஆலய வழிபாடு வீதிவலத்தோடும் விபூதிப் பிரசாதத்தோடும் முடிந்துவிடுவதன்று. வழிபாடு நிறைவெய்தியதும் சந்நிதியில் அமர்ந்து, ஸ்ரீபஞ்சாட்சரத்தை இயன்ற உரு செபித்த பின்னரே எழுந்து வீடு செல்லல் வேண்டும் என்பது நல்லைநகர் ஆறுமுகநாவலர் (1822 – 1879) சைவ வினாவிடையில் காட்டிய முறையாகும். இக்காலத்தில் தீபாராதனை முடிந்தவுடன் பிரசாத வரிசையும் செருப்புத் தேடுதலுமே முந்திக்கொள்கின்றன. அமர்ந்திருப்போர் சிலரும் அடுத்த உபயம் யாருடையது என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுவதைக் காணலாம். கைவிடப்பட்ட அந்தச் சில நிமிடங்களே மனத்துக்கு மருந்தாக அமைக்கப்பட்டவை எனலாம்.

மனம் கண்ணுக்குப் புலப்படாதது, மூச்சோ புலப்படுவது. கோபம் கொண்டவனது மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே குறுகி வேகமாக ஓடும். அஞ்சியவனுக்கு மூச்சு நின்று நின்று வரும். துயருற்றவளுக்குப் பெருமூச்சாகப் புறப்படும். பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் முதலாம் பாதத்திலே, மனச்சிதறலுடன் கூடப் பிறப்பவையாகத் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகியவற்றை ஒருங்கே எண்ணுகின்றார். ‘கோபப்படாதே’ என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. மூச்சை மெதுவாக்கு என்றால் உடல் கேட்கும். உடலின் பின்னே மனமும் மெல்ல வந்து சேரும்.

தமிழிலே இதனை விரிவாகக் கூறியவர் திருமூல நாயனார். ஒன்பது தந்திரங்களாக அமைந்த திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசுகின்றது. மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், உள்ளே நிறுத்துதல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம் எனப்படும். இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரை அளவு அங்கு கூறப்பட்டுள்ளது. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் நேரம். நான்கு மடங்கு நேரம் மூச்சை அடக்கும் இக்கும்பகம் குருவின் துணையோடு பயில வேண்டியது. நூலைப் பார்த்து இல்லறத்தார் தாமாகவே தொடங்குவது தகாது. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோரும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சியை விட்டுவிடுதலே நன்று. எனினும் அந்த அளவிலே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: உள்ளே செல்லும் மூச்சைவிட வெளியே செல்லும் மூச்சு இரட்டிப்பு நீளமானது.

இதன் காரணத்தை இன்றைய மருத்துவம் விளக்குகின்றது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவாகும். வெளிவிடும்போது சற்றுத் தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்தை அமைதிப்படுத்துகின்றது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 தடவை சுவாசிப்பார். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. கத்தோலிக்கரின் செபமாலையை ஓதியபோதும், பௌத்த மந்திரம் ஒன்றை உச்சரித்தபோதும் அவர்களது மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் குறைந்து, இதயத்தின் இயக்கமும் சீர்பெற்றது. எச்சமயத்தவராயினும் மந்திரத்தை உருவேற்றும்போது மூச்சு தானாகவே நீள்கின்றது. பஞ்சாட்சரத்துக்கு இது பொருந்தாது என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

பயிற்சி எளிது. காலைக் கடன் முடித்து, பாயிலோ, முழங்கால் நோவுடையோர் கதிரையிலோ முதுகு நிமிர்ந்து அமர்க. வாயை மூடி, மூக்கினால் மட்டும் சுவாசிக்க. மூச்சு உள்ளே செல்லும்போது ‘நமசிவாய’ என மனத்துள் ஒருமுறை. வெளியே செல்லும்போது அவசரமின்றி இருமுறை. இடையில் அடக்க வேண்டியதில்லை. மனம் சந்தைக்கும் வெளிநாட்டிலுள்ள மகனிடமும் ஓடத்தான் செய்யும். ஓடியதை அறிந்தவுடன், கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கு அழைத்து வருதலே தியானத்தின் பெரும்பகுதியாகும். பத்து நிமிடத்தில் மனம் பத்துத் தடவை ஓடினால் பயிற்சி தோற்றது என எண்ணுவோர் பலர். பத்துத் தடவை திரும்ப வந்ததே அன்றைய பயிற்சி.

இப்பயிற்சி பூசையறையோடு நின்றுவிட்டால் வீட்டாருக்குப் பயனில்லை. பதஞ்சலியார் மூச்சைப் பற்றிச் சொல்வதற்கு முந்திய சூத்திரத்திலேயே, பிறரோடு பழகும் முறை நான்கினைச் சொல்லி வைத்தார். இன்புற்றிருப்போரிடம் நட்பு, துன்புற்றோரிடம் இரக்கம், நல்லது செய்வோரிடம் மகிழ்ச்சி, தீயது செய்வோரிடம் பொருட்படுத்தாமை என்பன அவை. சொல்ல எளிதான இவற்றுள் முதலாவதே கிராமத்தில் மிகக் கடினம். அயலவன் மேல்மாடி கட்டினால் துன்புறும் மனம், அதே அயலவன் நோயுற்றால் உடனே இரங்கிச் சென்று பார்க்கின்றது. இரக்கம் எம்மவர்க்குக் குறைவில்லை. பிறர் நன்மையில் மகிழ்தலே குறைவு. நான்காவதும் இலகுவானதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் வேலி ஒரு முழம் நகர்ந்ததற்காக இன்றும் முகம் பார்க்காத சகோதரர்கள் உளர். கந்தோரில் முடிந்த கோவையைக் கட்டி வைப்பார்கள். மனத்திலோ அந்தக் கோவை திறந்தபடியே கிடந்து, ஒவ்வொரு நாளும் புதிய குறிப்பு எழுதப்படுகின்றது.

சண்டை மூளும் வேளையில் மூச்சு எவ்வாறு உதவும்? கடுஞ்சொல் கேட்ட கணத்தில் உடலில் அட்ரினலின் சுரந்து, இதயம் படபடக்க, மறுமொழி நாவின் நுனிக்கு வந்துவிடும். அவ்வேளை மூன்று நீண்ட வெளிமூச்சு விட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் கோபம் முற்றாகத் தீராது. ஆயினும் எந்தச் சொல்லைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிவுசெய்யும் வலு திரும்பி வரும். பரீட்சைப் பெறுபேறு குறைந்த பிள்ளையிடம் பேசுமுன்னும், காசு பற்றிய கதை வரும் எனத் தெரிந்த தொலைபேசி அழைப்பை எடுக்குமுன்னும் இதனைச் செய்து பார்க்கலாம். சாதாரண நாளில் பழகாதவருக்குச் சண்டை நாளில் இது நினைவுக்கு வராது என்பதாலேயே காலைப் பயிற்சி வேண்டப்படுகின்றது.

ஒரு தவறான விளக்கத்தை இங்கு மறுத்தல் அவசியம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனின் மனைவிக்கு ‘மூச்சைப் பார், பொறுமையாய் இரு’ என்று உபதேசிப்பது சைவமும் அன்று, யோகமும் அன்று. யோகத்தின் முதற்படியாகிய இயமத்தில் முதலாவது, கொல்லாமையும் பிறரைத் துன்புறுத்தாமையுமாகிய அகிம்சை. அதனை மீறுபவன் அவனே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பிரதேச செயலகத்திலும் 1938 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம். அயலவர் காதைப் பொத்திக்கொள்ளாமல் துணைபோக வேண்டும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2009இல் முடிந்த போரையும் கடந்து வந்தோர் பற்றியும் கூறியாதல் வேண்டும். போரினால் மனம் காயமுற்றோருக்கு மூச்சுப் பயிற்சி, செபம் முதலிய மரபுவழி முறைகள் உதவும் என்பதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எடுத்துக்காட்டியுள்ளார். ஆயினும் அத்தகையோருள் சிலருக்குக் கண்ணை மூடியவுடன் பழைய காட்சிகளே முன்வரும், நெஞ்சு அடைக்கும். அவர்கள் கண்ணை மூட வேண்டியதில்லை. தூண்டாமணி விளக்கின் சுடரைப் பார்த்தபடியோ, வீதியை மெதுவாக வலம் வந்து பாதம் நிலத்திற் படுவதைக் கவனித்தபடியோ செபிக்கலாம். பயம் கூடினால் நிறுத்திவிட்டு ஒருவரோடு கதைக்க வேண்டும். நித்திரையின்மையும் உயிரை மாய்க்கும் எண்ணமும் தொடர்ந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். 1926 என்பது தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம். ஏற்கெனவே குளிசை எடுப்போர், தியானம் பழகியதைக் காரணமாகக் கொண்டு வைத்தியரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.