டேடோனா கடற்கரை: பாதி மணல், பாதி தார்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டேடோனா கடற்கரையில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கார் பந்தய ரசிகர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கூட்டம், நடுவே மணலை வாரியடித்துக்கொண்டு பாயும் ஃபோர்டு கார்கள். படங்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதையில் பாதியைத்தான் காட்டுகின்றன. மீதியை ஆளாளுக்குக் கற்பனை செய்துகொண்டதில் பல கதைகள் கிளம்பிவிட்டன.

பந்தயம் முழுக்க மணலில் நடந்தது என்பது முதல் கதை. கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஏ1ஏ நெடுஞ்சாலை போகிறது. கார்கள் அந்தக் குறுகிய தார் சாலையில் தெற்கு நோக்கிப் பாயும். இடப்பக்கம் திரும்பி, மணல்மேட்டைக் கடந்து கடற்கரையில் இறங்கும். ஈரம் காயாத மணலில் வடக்கே ஓடி, மறுபடி இடப்பக்கம் ஒடித்துத் தார் சாலையில் ஏறும். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரு முனையிலும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் பாதை. வட்டமும் இல்லை, முட்டை வடிவமும் இல்லை.

கடற்கரை மணலில் சக்கரம் புதைந்துவிடாதா என்று கேட்கலாம். டேடோனாவின் மணல் மிக நுண்ணியது. அலை வந்து போய்ப் போய் அதைக் கெட்டியாக இறுக்கி வைத்திருக்கும். நேராக ஓடும்வரை சிக்கல் இல்லை. வளைவுகளில்தான் மணல் பொலபொலத்துப் பள்ளம் விழும், கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும்.

1936 மார்ச் 8 அன்று நடந்த முதல் ஸ்டாக் கார் பந்தயத்திலேயே இது தெரிந்துபோயிற்று. கடையில் வாங்கிச் சாலையில் ஓட்டும் சாதாரண கார்களை வைத்தே நடத்துவதுதான் ஸ்டாக் கார் பந்தயம். சுற்று 3.2 மைல், மொத்தம் 78 சுற்று, 250 மைல் என்பது திட்டம். நார்வேயில் பிறந்த பந்தய வீரர் சிக் ஹாக்டால் பாதையை வகுத்துக் கொடுக்க, நகராட்சி 5,000 டாலர் பரிசு அறிவித்தது. வளைவுகள் உழுத வயலாகிவிட்டன, கடலும் ஏறி வந்தது. 75 சுற்றோடு நிறுத்தி மில்ட் மேரியனை வென்றவராக அறிவித்தார்கள். நகராட்சிக்கு நட்டம் சுமார் 22,000 டாலர். அதன்பின் அது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நகராட்சி இதில் இறங்கியதே ஒரு பிழைப்புக்காகத்தான். உலக வேகச் சாதனைகள் நடந்த அதே பாதைதான் இது என்ற இன்னொரு நம்பிக்கை இங்கே அடிபட்டுப் போகிறது. 1927இல் ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 203 மைலைத் தாண்டியதும், 1935 மார்ச்சில் மால்கம் கேம்பல் 276 மைலைத் தொட்டதும் திருப்பமே இல்லாத நேரான கடற்கரையில். அதே 1935 செப்டம்பரில் கேம்பல் யூட்டாவின் பான்வில் உப்புவெளிக்குப் போய் 301 மைலைத் தொட்டார். சாதனைக்காரர்கள் அங்கே நகர்ந்துவிட, அவர்களை நம்பி வந்த கூட்டத்தை வேறு வழியில் இழுக்க நகராட்சி கண்ட உபாயம்தான் தார் சாலையையும் மணலையும் இணைத்த பந்தயம்.

அப்படியானால் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் தொடங்கிய பந்தயம் என்கிறார்களே? அவர்கள் வந்தார்கள், வென்றார்கள், அதில் சந்தேகமில்லை. ஜார்ஜியாவைச் சேர்ந்த லாய்ட் சீ 1941 ஆகஸ்டில் இங்கே ஜெயித்தார். சில நாளில் சாராயத் தொழிலுக்கு வாங்கிய சர்க்கரை பற்றிய தகராறில் சொந்த உறவினரே அவரைச் சுட்டுக் கொன்றார். ஆனால் தொடங்கியது ஒரு நகராட்சி. முதல் பந்தயத்தில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்ற பில் கம்மிங்ஸே ஓடினார். 1948 பிப்ரவரி 15 அன்று ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் பெயரில் நடந்த முதல் பந்தயத்தை வென்ற ரெட் பைரன், இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் இருந்தபோது காலில் காயம்பட்டுத் திரும்பியவர். சாராயக் கதையை மட்டும் சொன்னால் சுவாரசியம் கூடும், வரலாறு குறைந்துவிடும்.

அந்த 1948 பந்தயம் நடந்தது பழைய பாதையிலும் இல்லை. ஓட்டல்களும் வீடுகளும் பெருகி நெருக்கியதால் பாதை தெற்கே பொன்ஸ் இன்லெட் பக்கம் தள்ளிப்போனது. அப்போது சுற்று 2.2 மைல்தான், பிறகு 4 மைலுக்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள். ஆக, 'டேடோனா கடற்கரைப் பாதை' என்று ஒற்றைப் பாதை எப்போதுமே இருந்ததில்லை. அன்று ஓடியவையும் பட்டறையில் மாற்றியமைத்த கார்கள். மாற்றாத கார்களுக்கான தொடர் அடுத்த ஆண்டுதான் வந்தது. அதிலும் கைவரிசை நிற்கவில்லை. 1954இல் முதலாவதாக வந்த டிம் ஃப்ளாக்கை கார்புரேட்டர் விவகாரத்தில் தகுதிநீக்கம் செய்து, வெற்றியை லீ பெட்டிக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டு முதலாவதாக வந்த ஃபயர்பால் ராபர்ட்ஸ் எஞ்சினைத் திருத்தியதற்காகச் சிக்க, இரண்டாவதாக வந்த அதே ஃப்ளாக்குக்கு வெற்றி கிடைத்தது.

நாஸ்காரை உருவாக்கிய பில் பிரான்ஸ், கார் பழுதாகி நின்றதால்தான் டேடோனாவில் தங்கினார் என்பதும் ஒரு கதை. மனிதர் தொழில்முறை மெக்கானிக். பழுதான காரைச் சரிசெய்யத் தெரியாமலா அங்கேயே குடியிருந்துவிட்டார்?

கடைசியாக, கடல்தான் பந்தயத்தை முடித்துவைத்தது என்ற நம்பிக்கை. கடலோடு சமாளித்துவிட்டார்கள், நீர் வற்றும் நேரத்தைப் பார்த்தே பந்தய நேரம் குறித்தார்கள். சமாளிக்க முடியாதது ஜனக்கூட்டத்தை. வேலியில்லாத கடற்கரையில் டிக்கெட் வாங்காமல் புதர் வழியே வருவோரைத் தடுக்க, விரியன் பாம்பு ஜாக்கிரதை என்று பலகை நட்டார் பிரான்ஸ். கட்டடங்களும் கூட்டமும் பெருகப் பெருக அதுவும் பலிக்கவில்லை. ஊருக்குள் தள்ளி, 31 பாகைச் சரிவு கொண்ட வளைவுகளோடு 2.5 மைல் ஸ்பீட்வேயை அவர் கட்டினார். 1959இல் கார்கள் அங்கே போய்விட்டன.

கடற்கரையில் கடைசி நாஸ்கார் பெருந்தொடர்ப் பந்தயம் 1958 பிப்ரவரி 23 அன்று நடந்தது. வென்றவர் பால் கோல்ட்ஸ்மித். அதோடு பந்தயமே ஓய்ந்தது என்று எழுதுவதும் தவறு. டேடோனா 200 மோட்டார் சைக்கிள் பந்தயம் 1960 வரை மணலிலேயே ஓடி, 1961இல்தான் ஸ்பீட்வேக்குப் போனது. இன்றும் அந்தக் கடற்கரையின் சில பகுதிகளில் கட்டணம் செலுத்திக் காரை ஓட்டிப் போகலாம். அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 10 மைல்.