பழைய மோட்டார் சைக்கிள் வாங்குமுன்
கிளட்ச், கியர் கோளாறுகளைக் கண்டறியும் முறை

பொழுது விடியுமுன் பிரட்டுக்களத்திற்குச் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், அவசர வேளையில் நோயாளியைச் சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிளே கைகொடுக்கின்றது. புதிய வண்டி வாங்க எல்லாராலும் இயலாது. ஆகவே, பிறர் பயன்படுத்திய வண்டியை வாங்குவோர் நம்மிடையே பலர். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்குமுன், அவ்வண்டியின் கிளட்ச், கியர் ஆகியவற்றின் நிலையை அறிந்து கொள்வது அவசியமாகும். வண்ணப் பூச்சையும் இருக்கையையும் கண்ணால் பார்த்து அறியலாம். உள்ளே இருக்கும் உறுப்புகளின் தேய்மானத்தையோ சோதித்துத்தான் அறிய வேண்டும்.

தெமியாங்கில் வசிக்கும் நண்பர் ஒருவரின் அனுபவம் இங்குக் குறிப்பிடத்தக்கது. அவர் ஒரு பழைய ஹோண்டா கப் வண்டியை வாங்கினார். சமதரையில் அது நன்றாகவே ஓடியது. ஒரு நாள் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, ஜெலெபு செல்லும் புக்கிட் தங்கா மேட்டில் ஏறினார். எஞ்சின் இரைந்தது, வண்டியோ தளர்ந்தது. பின்னால் லாரி ஒன்று நெருங்கி வர, இருவரும் சாலையோரம் இறங்கித் தள்ள நேர்ந்தது. மறுநாள் ஒரு பட்டறையில், கியர் பெட்டியையே பிரிக்க வேண்டும் என்று கூறி, வண்டி விலையில் பாதியைக் கேட்டனர். நண்பர் வேறொரு முதியவரிடம் காட்டினார். அவரோ கிளட்சைச் சரிசெய்யும் திருகை மட்டும் முறைப்படி திருப்பி வைத்தார். வண்டி மேடேறியது!

நோயை இன்னதென்று அறிந்து, பின் அதன் காரணத்தையும் அறிந்து, அதன் பிறகே மருந்தைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய வழி. அவ்வழி மனித உடலுக்கு மட்டுமன்றி இயந்திரத்திற்கும் பொருந்தும்.

கிளட்ச் செய்யும் வேலை யாது?

எஞ்சினில் பிறக்கும் விசை கிளட்ச், கியர் பெட்டி, சங்கிலி ஆகிய மூன்றையும் கடந்தே பின்சக்கரத்தை அடைகின்றது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கவும் பிரிக்கவும் உதவுவது கிளட்ச். அதனுள் உராய்வுப் பூச்சுள்ள தகடுகளும் வெறும் உலோகத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அவை ஒன்றோடொன்று அழுந்தும்பொழுது விசை பாயும். விலகும்பொழுது விசை தடைப்படும்.

யமஹா ஆர்.எக்ஸ்.இசட் போன்ற வண்டிகளில் இடக்கைப் பிடியை அழுத்தினால் கிளட்ச் விலகும். ஹோண்டா கப் வகையில் அத்தகைய பிடி இல்லை. 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் சூப்பர் கப் வண்டி வெளிவந்தபொழுது, ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்டக் கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது அதனை உருவாக்கியோரின் நோக்கங்களுள் ஒன்றாகும். எஞ்சின் வேகம் கூடும்பொழுது, சுழற்சியால் வெளிநோக்கித் தள்ளப்படும் எடைகள் கிளட்சைத் தாமே இணைக்கின்றன. கியர் மிதியை மிதிக்கும்பொழுது கிளட்ச் விலகிக் கியர் மாறுகின்றது. 2017ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது. நம் தோட்டங்களில் பெரிதும் காணப்படுவதும் இவ்வகையே.

ஓட்டுமுன் செய்ய வேண்டியவை

1. எண்ணெய்: எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். கப் வண்டியில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றிற்கும் ஒரே எண்ணெய்தான். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாகவும் இருக்கலாம். தீய்ந்த வாடை வீசினால் கிளட்ச் தகடுகள் கருகியிருக்கக்கூடும். உலோகத் துகள்கள் மினுமினுத்தால் உள்ளே ஏதோ ஓர் உறுப்பு அரைபடுகின்றது எனக் கொள்க. இருவீச்சு எஞ்சின் கொண்ட வண்டிகளில் பெட்ரோலுடன் எரியும் எண்ணெய் வேறு. கியர் பெட்டியின் எண்ணெய் வேறு. அங்குக் கியர் எண்ணெயையே பார்க்க வேண்டும்.

2. சங்கிலி: வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றி, சங்கிலியின் தளர்வைப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகியும் வேறோரிடத்தில் தளர்ந்தும் இருந்தால் சங்கிலி சமமின்றித் தேய்ந்துள்ளது. பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால், சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் விரைவில் தேய்த்துவிடும்.

3. கைப்பிடி: கைக் கிளட்ச் உள்ள வண்டியில் பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக அசைந்த பின்னரே கிளட்ச் விலகத் தொடங்க வேண்டும். தளர்வே இல்லையெனில் கிளட்ச் வழுக்கும். தளர்வு மிகுந்தால் முழுமையாக விலகாது.

ஓட்டிப் பார்க்கும்பொழுது

தலைக்கவசம் அணிந்து, உரிமையாளரின் ஒப்புதலுடன், பத்து அல்லது பதினைந்து நிமிடமேனும் ஓட்டுங்கள். எஞ்சின் சூடேறிய பின்னரே பல கோளாறுகள் வெளிப்படும்.

கிளட்ச் வழுக்குதல்: மிதமான மேட்டில், மேல் கியரில், முறுக்குப்பிடியைத் திருப்புங்கள். எஞ்சினின் இரைச்சல் கூடியும் வண்டியின் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் வழுக்குகின்றது. திருகு தவறாக அமைந்திருத்தல், பொருந்தாத எண்ணெய், தேய்ந்த தகடு, தளர்ந்த சுருள்வில் ஆகியவை இதன் காரணங்களாகும். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் எண்ணெயை ஊற்றினாலும் கிளட்ச் வழுக்கக்கூடும். எண்ணெய்க் கலத்தில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறி உள்ளதா எனப் பார்த்து வாங்குக.

கிளட்ச் விலகாமை: பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரை இடுங்கள். வண்டி முன்னே துள்ளினாலோ எஞ்சின் நின்றுவிட்டாலோ கிளட்ச் முழுமையாக விலகவில்லை எனலாம். ஆயினும், கப் வண்டியில் எஞ்சினின் ஓய்வுநிலை வேகம் கூடுதலாக இருந்தாலும் வண்டி ஊர்ந்து செல்லும். முதலில் அதனைக் குறைத்துவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

கியர் நழுவுதல்: ஒவ்வொரு கியரிலும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் தானாகவே விடுபட்டால், அக்கியரின் பிணைப்புப் பற்களோ, கியரை நகர்த்தும் கவையோ தேய்ந்திருக்கக்கூடும். ஆனால் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தேய்ந்த சங்கிலி பற்களின் மேல் தாவும்பொழுதும் கியர் நழுவுவது போன்றே தோன்றும். எல்லாக் கியரிலும் ‘டக்’கென்ற ஓசையுடன் அவ்வாறு நிகழ்ந்தால் முதலில் சங்கிலியையே ஐயுறுக.

ஓசை: ஓடும் வண்டியின் எஞ்சினை அணைத்து, கியரை நடுநிலையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். அப்பொழுதும் ஓசை கேட்டால் குறை சங்கிலியிலோ சக்கரத்திலோ இருக்கலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அக்கியரின் பற்களைப் பழுது பற்றியிருக்கலாம். எல்லாக் கியர்களிலும் ஊளையிட்டால் தாங்கு உருளைகள் தேய்ந்திருக்கக்கூடும்.

எளிய மருந்து முதலில்

கப் வகை எஞ்சினின் வலப்புற மூடியில், பூட்டு மரையுடன் கூடிய திருகு ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, மரையைத் தளர்த்தி, திருகை வலப்புறமாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். பின்னர் மெல்ல இடப்புறமாகத் திருப்பினால் ஓரிடத்தில் தடை தென்படும். அங்கிருந்து வலப்புறமாகச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பி, திருகு அசையாதவாறு பிடித்துக்கொண்டு மரையை இறுக்குங்கள். அந்தந்த வண்டியின் கையேட்டில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுங்கள்.

திருகு, எண்ணெய், சங்கிலி ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னும் கிளட்ச் வழுக்கினால், தகடுகளையும் சுருள்வில்களையும் மாற்ற வேண்டும். எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்காமல், வலப்புற மூடியைக் கழற்றியே இதனைச் செய்யலாம். கியர் பெட்டியின் நிலை வேறு. அதனைத் திறக்க எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும், செலவும் மிகும். ஆகவே, கிளட்ச் குறையுள்ள வண்டியை விலை குறைத்து வாங்கலாம். கியர் நழுவும் வண்டியை, விலை எவ்வளவு மலிவாயினும், தவிர்ப்பதே நன்று.

பணம் கொடுக்குமுன், எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துள்ளனவா எனவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. மேட்டில் வலுவிழக்கும் கிளட்சும், வளைவில் அறுந்து விழும் சங்கிலியும் பணத்திற்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு விளைவிப்பவை. அரைமணி நேரச் சோதனையைப் பெரிதாகக் கருதாதீர்கள். விற்பவர் அதற்கு இசையாவிடில், அவ்வண்டியை விட்டு விலகுங்கள்.

சிந்திக்க:
1. மேட்டில் எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாததற்குரிய நான்கு காரணங்கள் யாவை?
2. கியர் நழுவுவதையும் சங்கிலி தாவுவதையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவீர்கள்?
3. கியர் பெட்டியைத் திறக்குமுன் சரிபார்க்க வேண்டிய மூன்று யாவை?