தெறிப்பை உறையவைப்பது ஃப்ளாஷ்

அன்புள்ள இளங்கோவுக்கு,

பாலோ பழச்சாறோ தெறிக்கும் கணத்தைப் படத்தில் உறையவைப்பது ஷட்டர் அல்ல, ஃப்ளாஷ். உணவுப் படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தே சோர்ந்துபோகிறார்கள். 20 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி, கீழே வந்து சேரும்போது விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/200 விநாடிக்குள் அது 1 செ.மீ. நகர்ந்துவிடும். 1/10,000 விநாடி மட்டும் மின்னும் ஒளியில் அதே துளி நகர்வது 0.2 மி.மீ.தான். அறையை இருட்டாக்கிவிட்டால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

கேமராவின் மேல் மாட்டும் சிறிய ஃப்ளாஷ் முழு பவரில் ஏறத்தாழ 1/1000 விநாடி எரியும். 1/16 பவருக்கு இறக்கினால் 1/10,000 அளவுக்குச் சுருங்கும். வெளிச்சம் போதவில்லை என்று பவரை ஏற்றினால் உழைப்பெல்லாம் வீண். ஃப்ளாஷைக் கிட்டே நகர்த்தலாம், இன்னொன்று சேர்க்கலாம், ஐஎஸ்ஓவைச் சற்றுக் கூட்டலாம். பழைய ஸ்டுடியோ விளக்குகள் பலவற்றில் கதை நேர்மாறு: பவர் குறையக் குறைய நீண்டு எரியும். வாங்குமுன் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

ஃப்ளாஷால் கணத்தை உறையவைக்கும் வழியை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஹரோல்ட் எட்ஜர்ட்டன். 1957இல் அவர் எடுத்த பால் கிரீடம் இன்றும் பாடமாக வைத்துப் பார்க்கத் தக்கது. மெல்லிய பால் படலத்தின்மேல் துளி விழுகிறது. வட்டச் சுவராகப் பால் எழுகிறது. சுவரின் விளிம்பு விரல் விரலாகப் பிரிந்து, நுனிதோறும் ஒரு முத்து கழன்று நிற்கிறது. தட்டில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பால் இருந்தால் போதும். ஆழமான கிண்ணமென்றால் துளி விழுந்த குழி மூடிக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு தூண் கிளம்பும். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு படம்.

பாலுக்குப் பக்கவாட்டு ஒளி பொருந்தும். மடிப்புகளின் நிழல் தெரியும். எலுமிச்சைச் சாறு போல ஒளி ஊடுருவும் பானத்துக்குப் பின்னாலிருந்து, வெள்ளைத் தாள் வழியாக ஒளி வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் சாறு அழுக்குத் தண்ணீர்போல் விழும். துளி விழும் இடத்தில் பென்சிலை நிறுத்தி, அதன்மேல் கையால் ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, அபெர்ச்சரை எஃப்/11க்குக் கொண்டுபோவது நல்லது. கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டுத் தெறிக்கவைப்பதென்றால் அக்ரிலிக் கட்டிகள் வசதி. அவை விளக்குச் சூட்டில் உருகுவதில்லை.

ஷட்டர் பொத்தானைக் கையால் அழுத்தியும் நல்ல படம் கிடைக்கும், பொறுமை இருந்தால். லேசர் ட்ரிக்கர் இருந்தால் ஒரே கணத்தைத் திரும்பத் திரும்பப் பிடிக்கலாம். டிரைபாட் அசையாதிருந்தால் இரண்டு மூன்று படங்களின் தெறிப்புகளைப் பின்னர் ஒன்றாக்கவும் முடியும். விளம்பரப் படங்களில் இது நடைமுறை.

ஃப்ளாஷுக்கும் கேமராவுக்கும் பாலிதீன் உறை கட்டாயம், மின்கம்பி தரையில் கிடக்கவே கூடாது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் டம்ளரின் வெளிப்புறத்தைப் பஞ்சு இழை ஒட்டாத துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துளிக்கறையைக் கணினியில் அழிப்பது அதைவிடப் பெரிய வேலை.

அன்புடன்,
பெரியப்பா