கடனும் அடிமைத்தனமும்: வியாபாரிகள் அறியவேண்டிய சில விஷயங்கள்



சிறு வயதில் மதரஸாவில் ஓதும்போது, ஜகாத் பெற உரிமையுள்ள எட்டு வகையாரை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் ஐந்தாவதாக அடிமைகளை விடுவிப்பது வரும். ஆறாவதாகக் கடனாளிகள் வருவார்கள். ஐந்தாவதுக்கு வந்ததும் நம் உஸ்தாது அவர்கள், "அது அந்தக் காலம், இப்போது அடிமை என்று யாரும் கிடையாது" என்று சொல்லி ஆறாவதற்குப் போய்விடுவார்கள். நாமும் அப்படியே நம்பி நாற்பது வயதைத் தாண்டிவிட்டோம். இந்த இரண்டு வகையாரும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள்தான் சொல்லவேண்டும். ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனால் கடனைப் பற்றிச் சொல்ல நமக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 555 புத்தகத்தில் கணக்கு எழுதி எழுதியே விரல் காய்த்தவர்கள் நாம்.

உலகத் தொழில் ஸ்தாபனமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த கணக்குப்படி, 2021-ஆம் வருஷத்தில் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய வேலையில் சிக்கியிருந்தார்கள். இவர்களுக்கு விலங்கு மாட்டியிருக்கவில்லை. சந்தையில் ஏலம் போட்டு விற்கவும் இல்லை. பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு சம்பளமும் பேசப்பட்டிருக்கும். பின் அவர்களைக் கட்டிப்போட்டது எது? பல இடங்களில் அது கடன்தான்.

இது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. தாப்பாவிலிருந்து மலையேறி வந்தால் முதலில் வரும் ஊர் நம் ரிங்லெட். 1929-ல் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் துவக்கிய பிறகு, இந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழ் ஜனங்களே. அதற்கு முன்பே பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலிகளாக நம்மவர்கள் வந்தார்கள். கப்பல் கூலியும் முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக ஏறும். அது தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போனால் குற்றம். மலாயாவில் அந்த முறை 1910-ல் ஒழிந்தது. பிறகு கங்காணி முறை நிலைத்தது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவுக்காரர்களைத் திரட்டி வருவான். ஆள் கணக்கில் அவனுக்குத் தலைக்காசு உண்டு. 1938-ல் இந்திய சர்க்கார் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இலங்கையில் நடந்ததை வியாபாரிகளாகிய நாம் கவனித்துப் படிக்கவேண்டும். அங்கே 'துண்டு' என்றொரு வழக்கம் இருந்தது. ஒரு தோட்டத்துத் துரை, கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு ரூபாய் பாக்கி, அதை யார் கட்டுகிறாரோ அவரிடம் இவர்களை விட்டுவிடுவேன் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் போவான். அடுத்த துரை பணத்தைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்வார். கடன் தீருமா? தீராது. புதுத் துரையின் பேருக்கு மாறும், அவ்வளவுதான். பல சமயம் கொஞ்சம் கூடியும் இருக்கும். உண்டியல் கைமாறுவதுபோல மனிதர்கள் கைமாறினார்கள். 1921-ல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

அதைவிடக் கொடியது ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது. 1942, 43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டிப் பாதிப்பேரையும், பிடித்து லாரியில் ஏற்றி மீதிப்பேரையும். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். தோட்டப் பகுதிகளில் பழைய குடும்பம் எதைக் கேட்டாலும் சயாம் போய்த் திரும்பாத ஒருவர் பேரைச் சொல்லும்.

இப்போது தேயிலைக் காட்டிலும் காய்கறித் தோட்டத்திலும் பூந்தோட்டத்திலும் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் ஆட்கள். ஜனங்கள் மாறினார்கள், கணக்கு மாறவில்லை. நம் கடைக்கு அரிசி வாங்க வரும் ஒரு வங்காளத் தம்பி சென்ற வருஷம் தன் கணக்கைச் சொன்னான். ஏஜெண்டுக்குக் கொடுத்தது 4 லட்சம் டாக்கா. நம் வெள்ளியில் 14,000-க்குக் குறையாது. பாதி நிலத்தை அடகு வைத்தது, பாதி வட்டிக்கு வாங்கியது. 2025 முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தின்றது, போனது போக அவன் 600 வெள்ளி அனுப்பினாலும் முதலை மட்டும் அடைக்கவே கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகும். வட்டி தனி. இந்த நிலையில் முதலாளி சம்பளத்தைப் பிடித்தாலும் அடித்தாலும் அவன் எங்கே போவான்? ஊருக்குத் திரும்பினால் வட்டிக்காரன் வாசலில் நிற்பான்.

நம் 555 புத்தகமும் கடன்தானே என்று ஒருவர் கேட்கலாம். நாமும் அதை யோசித்தோம். அவன் நம்மிடம் 80 வெள்ளி பாக்கி வைத்துக்கொண்டு நாளைக்கே ஈப்போவுக்குப் பஸ் ஏறிவிடலாம். நமக்கு நஷ்டம், அவனுக்கு வெட்கம். அதோடு முடிந்தது. அந்தப் பாக்கிக்காக அவனைப் போகவிடாமல் தடுக்க நம் கையில் ஏதாவது இருக்குமானால், அப்போது அது வேறு விஷயமாகிவிடுகிறது. கட்டாய வேலையை அடையாளம் காண உலகத் தொழில் ஸ்தாபனம் 11 குறிகளைச் சொல்லியிருக்கிறது. ஏமாற்றி அழைத்து வருவது, சம்பளத்தை நிறுத்துவது, மிரட்டுவது, வெளியே போகவிடாமல் வைப்பது ஆகியவை அவற்றில் சில. நம்மவர்கள் கடைகளில் அதிகம் காணப்படுவது எது என்று எல்லோருக்கும் தெரியும். அது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதே.

"தொலைத்துவிடுவான், அதனால் வைத்திருக்கிறோம்" என்பது வழக்கமான பதில். இன்னொருவர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 2007-ல் இந்நாட்டில் மனிதக் கடத்தலைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அதன்படி, "அவனே சம்மதித்துத்தான் வந்தான்" என்பது தப்பிக்க வழியாகாது. இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து விசிட் விசாவில் பையன்களை அழைத்துவந்து உணவகத்தில் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இந்திய சர்க்காரின் 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு மூலமாகவோ முறையான அனுமதி பெற்றோதான் வேலைக்கு ஆள் எடுக்கலாம். பத்தாவது தேறாத பையன் மலேசியாவுக்கு வேலைக்கு வர, அங்குள்ள குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்கவேண்டும். விசிட் விசாவில் வந்தவனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அவன் போலீசுக்குப் போனால் முதலில் பிடிபடுவது அவனே. கெட்ட முதலாளிக்கு அதுதான் வசதி.

இவர்களுக்காகப் பாடுபட்டவர்களில் ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர் 1991-ல் தெனாகனித்தா என்னும் ஸ்தாபனத்தைத் துவக்கினார். குடியேறிகளை அடைத்து வைத்திருந்த முகாம்களில் நடந்ததை விசாரித்து 1995-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பினார் என்று அவர்மீதே வழக்கு வந்தது. 2003-ல் ஒரு வருஷச் சிறை விதித்தார்கள். அப்பீல் செய்து 2008-ல்தான் விடுதலையானார். பதின்மூன்று வருஷம் ஒரு வழக்கைச் சுமப்பது என்றால், ஒரு செக்கு திரும்பியதற்குக் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு அதன் பாரம் விளங்கும். 2014-ல் அவர் காலமானார். அடுத்த வருஷமே பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் காட்டில் 139 புதைகுழிகளைக் கண்டெடுத்தார்கள். ஆட்கடத்துகிறவர்கள் பணத்துக்காக ரோஹிங்கியா, வங்காள ஜனங்களை அடைத்து வைத்த முகாம்கள் அங்கே இருந்தன.

வியாபாரத்துக்கும் இதனால் அடி உண்டு. 2020-ல் இந்நாட்டுக் கம்பெனிகள் சிலவற்றின் ரப்பர்க் கையுறைகளையும் செம்பனை எண்ணெயையும், கட்டாய வேலை என்ற காரணம் காட்டி அமெரிக்கச் சுங்கத்தார் தடுத்தார்கள். ஒரு பெரிய கையுறைக் கம்பெனி, தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகே 2021-ல் அதன் தடை நீங்கியது. ஏஜெண்டு தின்ற பணத்தை முதலாளி கட்டினார். ஆள் எடுக்கும்போதே ஏஜெண்டு கூலியை நாமே கொடுத்து ரசீது வாங்கிவிடுவது மலிவு.

நம் கதையையும் சொல்லிவிடவேண்டும். நம் கடையில் இரண்டு பையன்கள் வேலை செய்தார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டு நான்கு வருஷம் நம் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருந்தோம். ஒரு நாள் மூத்தவன், "முதலாளி, வாப்பாவுக்கு முடியலை, கொஞ்சம் கொடுங்க" என்று கேட்டான். "சீசன் முடியட்டும் தம்பி" என்றோம். அவன் ஒன்றும் பேசாமல் மூட்டை தூக்கப் போனான். சீசன் முடியுமுன் வாப்பா மவுத்தாகிவிட்டார். நாம் அடிக்கவில்லை, சம்பளம் பிடிக்கவில்லை, ஒரே சஹனில் சாப்பிட்டோம். ஆனாலும் ஒரு மகன் தன் தகப்பனார் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது நம் இடுப்புச் சாவியில் இருந்திருக்கிறது.

மறுநாள் இருவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். இளையவன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டான். இன்றும் நம்மிடம்தான் இருக்கிறான். மூத்தவன் ஊருக்குப் போனான். முன்பணமாக வாங்கிய 900 வெள்ளி பாக்கி நிற்கிறது. போன நோன்பில் 200 அனுப்பினான். புத்தகத்தில் வரவு வைத்திருக்கிறோம்.