கேட்காவிட்டாலும் சொல்

கண்ணு, மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்தாயிற்று. இனி செக்கப்புக்குப் போய்வருவதுதான் வேலை. 11 வருஷமாகப் போய்வருகிறவள் சொல்கிறேன். பாதி நான் தவறவிட்ட கதைதான்.

1. தேதியைத் தள்ளாதே. முதல் 3 வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த 2 வருஷம் இடைவெளி கொஞ்சம் கூடும். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்த காலத்தில், ஒருநாள் சம்பளம் போகுமே என்று இரண்டு தடவை போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே மூன்றாவது தடவையும் துணிச்சல் வந்தது. அந்தத் துணிச்சல் ஆகாது. பெங்களூரு கித்வாய் ஆஸ்பத்திரி என்ன கண்காணாத இடமா? அத்திப்பள்ளி தாண்டி நேரே போகிற சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு.

2. மறைக்காதே. நான் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு நின்று 4 வருஷம் ஆனபின் திடீரென்று உதிரம் பட்டது. எதிரே ஆண் டாக்டர். கன்னடத்தில் "நோவு இதெயா?" என்றார். நமக்கும் நோவு நோவுதானே, புரிந்தது. "இல்லை" என்றேன். வலி இல்லைதான், பொய்யில்லை. ஆனால் திரும்பி வரும்போது பொம்மசந்திரா தாண்டியும் நெஞ்சு படபடத்தது. ஒரு மாதம் கழித்து நர்ஸம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். கருப்பையை ஸ்கேன் எடுத்தார்கள், பயப்படும்படி இல்லை. அந்த மாத்திரை கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், அபூர்வமாக அங்கே புற்றும் வரலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மாதத் தூக்கத்தை வெட்கத்துக்குக் கொடுத்தேன். கேட்காவிட்டாலும் நீ சொல்.

3. இன்னொரு பக்கத்தை மறக்காதே. தழும்பையே தடவிக்கொண்டிருப்போம், மற்ற மார்பு நினைவுக்கே வராது. அதற்கு வருஷம் ஒரு மாமோகிராம் வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (ரேடியேஷன்) வைத்திருந்தால், அந்தப் பக்கத்துக்கும் வேண்டும். கரண்ட் முடிந்து 6 மாதமாவது ஆன பிறகு.

4. கையைப் பார்த்துக்கொள். அக்குளில் நெறிகட்டி எடுத்த கை எப்போது வேண்டுமானாலும் வீங்கலாம். எனக்கு முதலில் சொன்னது வளையல்தான். காலையில் சுலபமாக ஏறியது சாயங்காலம் இறங்கவில்லை. நீ ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறவள், கையுறை இல்லாமல் செடியைத் தொடாதே. முள் குத்தி, கை சிவந்து சுட்டால், அன்றைக்கே டாக்டரைப் பார்.

5. பயத்துக்குப் பணம் கட்டாதே. ஒருமுறை நானாகவே லேபுக்குப் போய் புற்று மார்க்கர் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். எண் கொஞ்சம் கூட இருந்தது. ஊர்க்கோயில் ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன். தொந்தரவு இல்லாதவர்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும் வழக்கமாகத் தேவையில்லை என்றார் டாக்டர். ஆனால் விடாத எலும்பு வலி, இருமல், மூச்சிரைப்பு என்றால் தேதிக்குக் காத்திராதே.

6. பையை ஒழுங்காக வை. பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, கீமோ சீட்டு எல்லாம் ஒரே மஞ்சப்பையில் இருக்கட்டும். டாக்டர்கள் மாறுவார்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடி, சில்க் போர்டு நெரிசலுக்கு முன்னால் தாண்டிவிடலாம். ஆபரேஷன் ஆகாத கையால் கம்பியைப் பிடிக்கிற மாதிரி இடம் பார்த்து உட்கார். தயிர்சாதம் கட்டிக்கொள், அங்கே வெகுநேரம் ஆகும்.